இந்தச் சமமான பாதையைப் போட்டது யார்?

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போய் மூன்று மாதம், ஆறு மாதம் தங்குகிற நம் வயதுக்காரர்களுக்கு ஒரு பொதுவான குறை உண்டு. "காலையில் நடக்க நல்ல இடமே இல்லை. ரோட்டுக்குப் போனால் கார். பார்க்குக்குப் போனால் நாலு சுற்றில் முடிந்துவிடுகிறது." வடகிழக்கு இங்கிலாந்தில், டர்ஹாம் பக்கம் பிள்ளைகள் இருப்பவர்கள் மட்டும் இப்படிச் சொல்லக் கூடாது. நடக்கவும், மெதுவாக ஓடவும் அதைவிட நல்ல பாதைகளை நான் பார்த்ததில்லை. அந்தப் பாதைகளைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயமும் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

டர்ஹாம் நகரத்துக்கு மேற்கே, கொஞ்ச தூரத்தில் புரூம்பார்க் என்று ஓர் இடம். அங்கிருந்து மூன்று பாதைகள் பிரிகின்றன. டியர்னஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக குரூக் வரை ஒன்று, சுமார் 12 கிலோமீட்டர். லான்செஸ்டர் வழியாக கான்செட் பக்கம் போவது இன்னொன்று, சுமார் 19 கிலோமீட்டர். பிரான்டன், வில்லிங்டன் வழியாக பிஷப் ஆக்லாந்து போவது மூன்றாவது, சுமார் 15 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் வேலி மரங்கள், ஆடு மேயும் புல்வெளி, நடுவில் ஒரு சிற்றோடை. காருக்கு அனுமதி இல்லை. சைக்கிளும் எப்போதாவது ஒரு குதிரையும் வரும், அவ்வளவுதான்.

நான் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்தப் பாதையைக் கண்டாலும் முதலில் அதன் கிரேடியன்ட்டைத்தான் என் கண் தேடும். அந்த வட்டாரத்தில் ஊர் ரோடுகளெல்லாம் மேடும் பள்ளமுமாக ஏறி இறங்குகின்றன. இந்தப் பாதைகள் அப்படி இல்லை. மேடு குறுக்கிட்டால் வெட்டிக்கொண்டு போகின்றன, பள்ளம் வந்தால் கரை கட்டிக் கடக்கின்றன. வளைவுகூட நிதானமாகத்தான் வரும். காரணம், மூன்றுமே பழைய ரயில் பாதைகள். டியர்னஸ் பாதை 1858இல் நிலக்கரிக்காகவும், லான்செஸ்டர் பாதை 1862இல் முக்கியமாக கான்செட் இரும்பாலைக்குத் தாது கொண்டுபோகவும் போடப்பட்டவை.

இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளும்போது உராய்வு குறைவு. அதனால் சமதளத்தில் ஓர் இன்ஜின் நூற்றுக்கணக்கான டன்னை இழுத்துவிடும். அதே காரணத்தால் ஏற்றம் வந்தால் சக்கரம் வழுக்கும். நூறு அடிக்கு ஓர் அடி ஏற்றம் என்றாலே சரக்கு ரயிலுக்கு அது பெரிய விஷயம். ஓடுகிறவனின் முழங்காலுக்கு அது தெரியவே தெரியாது. நிலக்கரி வண்டிக்காகப் பார்த்துப் பார்த்துச் சமன் செய்த பாதை இன்று அறுபது வயது முழங்காலுக்கு வரமாகிவிட்டது. வாட்டர்ஹவுசஸ் தாண்டி ஸ்டான்லி பக்கம் போனால் மட்டும் மூச்சு வாங்கும். அந்தக் காலத்திலும் அங்கே இன்ஜின் ஏறவில்லை. மேலே ஒரு நிலையான நீராவி இன்ஜினை வைத்து, கயிறு கட்டி வண்டிகளை இழுத்தார்கள்.

இப்போது என் அபிப்பிராயத்துக்கு வருகிறேன். இந்த இடங்களை "மென்மையான நாட்டுப்புறம், அமைதியான பசுமை" என்று வர்ணிப்பது பாதி உண்மைதான். அந்த மென்மை இயற்கை தந்ததல்ல, ஆட்கள் மண்வெட்டியால் செதுக்கியது. அந்த அமைதியும் தானாக வந்ததல்ல, ஒரு தொழில் செத்த பிறகு வந்தது.

1913இல் டர்ஹாம் சுரங்கப் பகுதி 4 கோடி டன்னுக்கு மேல் நிலக்கரி எடுத்தது. ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் அதில் வேலை செய்தார்கள். டியர்னஸ் பாதையில் ஓடும்போது எஷ் வின்னிங் என்று ஓர் ஊர் வரும். 'வின்னிங்' என்றால் அங்கே ஜெயிப்பது அல்ல. பூமியைத் தோண்டி நிலக்கரிப் படுகையை எட்டுவதைச் சுரங்கக்காரர்கள் அப்படிச் சொன்னார்கள். ஊரின் பெயரே அதன் தொழில். அந்தச் சுரங்கம் 1968இல் மூடப்பட்டது. டர்ஹாம் பகுதியின் கடைசிச் சுரங்கமான மங்க்வியர்மவுத் 1993இல் நின்றது. அது இருந்த இடத்தில் இன்று சண்டர்லாந்து கால்பந்து மைதானம் இருக்கிறது.

இதற்கு நடுவே இன்னொன்றும் நடந்தது. 1951இல் டர்ஹாம் கவுன்டி கவுன்சில் ஒரு வளர்ச்சித் திட்டம் போட்டது. ஊர்களை ஏ, பி, சி, டி என்று நான்கு வகையாகப் பிரித்தார்கள். 'டி' என்றால் அந்த ஊருக்கு இனி எதிர்காலம் இல்லை என்று பொருள். புதிய வீடு கிடையாது, புதிய வசதிக்குப் பணம் கிடையாது. இருக்கும் வீடுகள் பழுதானால் இடித்துவிட்டு ஜனங்களை வேறு ஊருக்கு மாற்றுவது. நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் அந்தப் பட்டியலில் விழுந்தன. சில ஊர்கள் அடையாளம் இல்லாமல் போயின. சில ஊர்க்காரர்கள் விடாமல் எதிர்த்து நின்று ஊரைக் காப்பாற்றினார்கள். 1977இல்தான் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது.

அதே கவுன்சில்தான், ரயில் நின்ற பிறகு அந்தத் தடங்களைத் துண்டு துண்டாகப் போகவிடாமல், எல்லோரும் நடக்கிற பாதையாக மாற்றியது. இதற்காக அவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ரயில் தடம் என்பது நீளமாக இருக்கும்வரைதான் சொத்து. நடுவில் நூறு அடியை யாராவது வளைத்து வீடு கட்டிவிட்டால், மீதி பத்து மைலும் வெறும் புறம்போக்கு. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியவர்களுக்கு, ஊரைக் காப்பாற்ற வேண்டும் என்று அவ்வளவு சீக்கிரம் தோன்றவில்லை.

"ஓடப் போகிறவனுக்கு எதற்கு இந்தச் சரித்திரம்? நிம்மதிக்காகத்தானே போகிறான்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். துக்கம் விசாரிக்க யாரும் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்புவதில்லை. சுரங்க வாழ்க்கையைப் பொற்காலமாக ஆக்குவதும் தப்பு. நிலக்கரித் தூசி நுரையீரலைத் தின்றது. 1951 மே மாதம் ஈசிங்டன் சுரங்க விபத்தில், மீட்கப் போன இருவரையும் சேர்த்து 83 பேர் செத்தார்கள். அந்த வேலை போனதற்காக மட்டும் அழ வேண்டியதில்லை.

நான் கேட்பது வேறு. காரை புரூம்பார்க்கில் நிறுத்தி, பத்து கிலோமீட்டர் ஓடி, தண்ணீர் குடித்து, காரில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டால், வழியில் உள்ள ஊர்களுக்கு நம்மால் ஒரு பைசா பிரயோசனம் இல்லை. அந்தப் பள்ளத்தாக்கு ஊர்களில் ரயிலும் இல்லை, சுரங்கமும் இல்லை. இருக்கிற கடைகளும் ஆள் வந்தால்தான் நிற்கும். ஆகவே பாதையை விட்டு விலகி ஐந்து நிமிஷம் ஊருக்குள் போங்கள். உஷா மூரிலோ எஷ் வின்னிங்கிலோ லாங்லி பார்க்கிலோ ஒரு கடையில் டீ குடியுங்கள். அங்குள்ள கிழவர்களிடம் பேச்சுக் கொடுங்கள், "இங்கே சுரங்கம் எங்கே இருந்தது?" என்ற ஒரு கேள்வி போதும். நிர்வாகத்துக்கும் ஒன்று சொல்வேன்: தூரம் காட்டுகிற பலகையில், அந்த இடத்தில் எந்தச் சுரங்கம் இருந்தது, எத்தனை வருஷம் ஓடியது என்று இரண்டு வரி சேர்த்தால் செலவு ஒன்றும் அதிகமாகிவிடாது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். டியர்னஸ் பாதையில் மேற்கே போகும்போது லேசான ஏற்றம், திரும்பும்போது இறக்கம். அதனால் களைப்பு கடைசியில் தெரியாது. டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும், மதியமே போய் வந்துவிடுங்கள். இலையுதிர் காலத்தில் ஈர இலை வழுக்கும். ஜூலையில் இருந்தால், இரண்டாவது சனிக்கிழமை டர்ஹாம் சுரங்கத் தொழிலாளர் விழாவைத் தவறவிடாதீர்கள். 1871இல் தொடங்கிய விழா அது. சுரங்கம் ஒன்றுகூட இல்லாத இன்றும், ஒவ்வொரு ஊரும் தன் பேனரைத் தூக்கிக்கொண்டு, பேண்டு வாத்தியத்தோடு நகரத்துக்குள் வருகிறது.

அந்தப் பேனர்களில் ஊர்ப் பெயர்களைப் படித்துப் பாருங்கள். 'இனி வேண்டாம்' என்று பட்டியலில் போட்ட ஊர்களும் அதில் வரும். பாதையைக் காப்பாற்றியது கவுன்சில். ஊரைக் காப்பாற்றியது ஊர்க்காரர்கள். ஓடுகிற நாம் இரண்டு பேருக்கும் கடன்பட்டிருக்கிறோம்.