தோன்றா எழுவாய்

நமது மலைநாட்டைப் பற்றி மேல்நாட்டு உல்லாசப் பயணிகள் எழுதிக் குவிக்கும் குறிப்புகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: மலைகளின் மீது பச்சைக் கம்பளம் விரிக்கப்பட்டிருக்கிறது. இலக்கணம் படிப்பிக்கும் ஆசிரிய நண்பர்களைக் கேட்கிறேன்: இக்கம்பளத்தை விரித்தவர் யார்?

தோன்றா எழுவாய் என்று ஒன்றை நாம் மாணவருக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அங்கே எழுவாய் வாக்கியத்தில் தோன்றாவிடினும் கேட்பவனுக்கு அது விளங்கும். பயணியின் வாக்கியத்திலோ வினைமுதல் தோன்றுவதுமில்லை, விளங்குவதுமில்லை. இது நடைச் சிறப்பன்று. உழைத்தவனை மறைக்கும் தந்திரம்.

மறைக்கப்பட்டவர் யார்? தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் வந்திறங்கி, காடுகளினூடாக மாத்தளை வரை கால்நடையாக வந்தவர்கள். வழியில் கொள்ளைநோய்க்கும் பசிக்கும் பலியானவர் போக எஞ்சியவர்களே காட்டை அழித்துக் கோப்பி நட்டார்கள். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கவே, அதே கைகள் தேயிலை நட்டன. பயணிகள் வியக்கும் புகையிரதப் பாதையும் இயற்கையின் கொடையன்று. 1867இல் அது கண்டியை அடைந்தது தோட்டத் துரைமாரின் கோப்பி மூட்டைகளைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகவே. 1924இல் பதுளையை எட்டிய அப்பாதையில், தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று படம் பிடிப்போர், கல் சுமந்தவர்களைப் பற்றி ஒரு வரியேனும் எழுதினார்களா?

“காலம் தீண்டாத பூமி” என்பது இவர்களின் மற்றொரு சொற்றொடர். காலம் தீண்டவில்லையாம்! 1947இல் சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அவரைத் தெரிவு செய்த மக்கள் நாடற்றவரானார்கள். 1964இல் இரு பிரதமர்கள் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனத் தலை எண்ணிப் பங்கிட்டது. நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003 வரை நிறைவேறிக்கொண்டிருந்தது. காலம் இம்மக்களைத் தீண்டியது மட்டுமன்று, கொத்தியே விட்டது.

கூடை சுமந்த பெண்ணின் புன்னகை இல்லாமல் எந்தக் குறிப்பும் முடிவதில்லை. அட்டைக்கடி, ஈரச் சாக்கு, நிறுவையில் வெட்டப்படும் கொழுந்து ஆகியவை படத்தில் விழுவதில்லை. நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வருவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்தது. மூடுபனியும் மழையும் பயணிக்கு அழகு. அதே பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில், 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, மழையில் ஊறிய மலை சரிந்து லயன்களை மனிதரோடு புதைத்தது.

“பயணி ஓய்வுக்கு வருகிறான், சரித்திரம் எழுதவா வருகிறான்?” என்று சிலர் கேட்பர். “அவனால் அந்நியச் செலாவணி வருகிறதே” என்பர் வேறு சிலர். பயணி மகிழ்வதை நாம் வெறுக்கவில்லை. ஆனால் அவன் எழுத்தே அவனுடைய நாட்டாருக்கு இலங்கையாகிறது. சிரிக்கும் பெண்ணைப் பார்த்துத் தேநீர் அருந்துபவன் அவளது கூலியைப் பற்றி ஏன் கேட்கப் போகிறான்? இம்மக்களின் பாஷை தெரியாதென்ற சாட்டும் செல்லாது. தோட்டத்தில் பிறந்த வேலுப்பிள்ளை, 1954இலேயே தம் மக்களின் துயரை ஆங்கிலத்தில், அவர்களுடைய பாஷையிலேயே, காவியமாகப் பாடி வைத்தார்.

பயணியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அதே கம்பளத்தை நம் சஞ்சிகைகளும் பாடநூல்களும் விரிக்கவில்லையா? “மலைநாட்டின் எழில்” என்று கட்டுரை எழுதச் சொல்லி, அருவிக்கும் பனிக்கும் புள்ளி போடுகிறவர்கள் நாமல்லவா?

ஆசிரியர்களே, ஒன்று செய்யுங்கள். அத்தகைய பயணக் குறிப்பொன்றை வகுப்பில் வாசியுங்கள். நட்டது யார், பறிப்பது யார், விலை பெறுவது யார் என்று கேட்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வினைமுதலை மாணவரைக் கொண்டே எழுதுவியுங்கள். இலக்கணமும் விளங்கும், நாடும் விளங்கும்.