கம்ப்யூட்டர் வாங்கவும் பகுத்தறிவு வேண்டாமா?

நமது அண்ணாகிராமம் வட்டாரத்தில் பிள்ளைகள் மேல்படிப்புக்குப் போகும் வீடுகளில் எல்லாம் கம்ப்யூட்டர் வேண்டும் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. பலாவிலும் முந்திரியிலும் கரும்பிலும் கண்ட காசை முடிந்துகொண்டு தகப்பன்மார் பண்ருட்டிக்கும் கடலூருக்கும் போய், கடையிலேயே பூட்டித் தரும் “அசெம்பிள்” கம்ப்யூட்டரை வாங்கி வருகிறார்கள். இதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் வாங்குகிற விதத்தைப் பற்றித்தான் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது.

அது என்ன விதம்? முதலில் பஞ்சாங்கம் பார்க்கிறார்கள். ராகுகாலம் கழித்துப் புறப்படுகிறார்கள். கடைக்காரர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறார்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று கேட்பதில்லை, பில்லும் கேட்பதில்லை. வீடு வந்ததும் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் அப்பி, எலுமிச்சம்பழம் சுற்றிக் கற்பூரம் காட்டுகிறார்கள். நேரம் பார்ப்பதில் காட்டிய அக்கறையில் கால்வாசியைப் பொருளைப் பார்ப்பதில் காட்டியிருந்தால், பிறகு ஏமாந்தோம் என்று அழவேண்டிய அவசியம் எங்கிருந்து வரும்?

தோழர்களே! இந்த யந்திரத்தைக் கடைவீதியிலேயே பூட்ட முடிகிறதே, அது எதனால் என்று யோசித்தீர்களா? 1981ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி தனது சிறிய கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, அதன் மூளையான பிராசஸரை இன்டெல் கம்பெனியிடமும், அதை இயக்கும் புரோகிராமை மைக்ரோசாப்ட் கம்பெனியிடமும் வாங்கியே செய்தது. உள்ளமைப்பின் விவரத்தைப் புஸ்தகமாகவும் அச்சிட்டு விற்றது. மற்றவர்கள் அதைப் படித்தார்கள். உரிமை காரணமாக எடுக்கக் கூடாத பகுதியைத் தாங்களே புதிதாக எழுதிக்கொண்டார்கள். அதே மாதிரி யந்திரங்களைச் செய்தார்கள். அப்படித்தான் இது உலகத்துக்கெல்லாம் பொதுவாயிற்று. சூத்திரன் காதால் கேட்டாலே ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்றது ஒரு சாஸ்திரம். காசு கொடுத்தால் எவனும் படிக்கலாம் என்றது இந்தச் சாஸ்திரம். எது மக்களை உயர்த்தியது? இன்று திருப்புளி பிடித்து இதைப் பூட்டுகிறவன் இன்ன ஜாதிதான் என்று யாராவது சொல்ல முடியுமா?

திறந்துபார்க்கவென்றே அமைந்த பொருளை மூடியே வைத்துக் கும்பிடுவதைப் போன்ற பைத்தியக்காரத்தனம் வேறில்லை.

நிற்க. இதில் நடக்கும் புரட்டு ஒன்றைச் சொல்லுகிறோம். “ஐ5 பிராசஸர், புதுசு, விலை சல்லிசு” என்பார்கள். ஐ5 என்பது வெறும் குலப்பெயர். குலப்பெயரைக் கேட்டு யோக்கியதையை அறிய முடியாது என்பது நம்மவர்களுக்குத் தெரிந்ததுதானே? அடுத்து வரும் எண்ணைக் கேட்கவேண்டும். ஐ5-3470 என்றால் மூன்றாம் தலைமுறை, 2012ஆம் வருஷத்துச் சரக்கு. ஐ5-12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022ஆம் வருஷத்தது. பழைய பிராசஸரைப் புதிய போர்டில் செருகிப் புதிய பெட்டியில் வைத்தால் பார்வைக்குப் புதுசாகத்தான் இருக்கும். ஆனால் விண்டோஸ் 11 மூன்றாம் தலைமுறையை முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கோ பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. பழையதைப் பழையது என்று சொல்லி விற்பது வியாபாரம். புதியது என்று விற்பது மோசம்.

மின்சாரம் பிரித்துக்கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். விஷயமும் அப்படியே. பெட்டியின் பளபளப்புக்கும் விளக்குக்கும் பணம் கொட்டி, இதில் மிச்சம் பிடிப்பார்கள். மட்டமானது கெட்டால் சில சமயம் போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

ஆகவே, ஒவ்வொரு பாகத்தின் பெயர், எண், விலை, வாரண்டிக் காலம் எல்லாம் எழுதிய ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். பாகங்கள் வந்த அட்டைப்பெட்டிகளையும் கேட்டு வாங்குங்கள். கண்முன்னே பூட்டச் சொல்லுங்கள். ஓடவிட்டுத் திரையில் காணும் எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். திருட்டு விண்டோஸ் வேண்டாம்; காசில்லையென்றால் இலவசமான லினக்ஸ் இருக்கிறது.

“இவ்வளவு கேட்டால் கடைக்காரர் கோபிப்பாரே” என்பீர்கள். கோபிக்கிறவரிடம் வாங்காதீர்கள். கடைக்காரர் எல்லோரும் மோசக்காரர் என்பது நமது அபிப்பிராயமல்ல. யோக்கியமானவர் கேள்வியைக் கண்டு சந்தோஷப்படுவார். பழுதென்றால் பஸ் ஏறிப்போய் நேரில் கேட்கலாம் என்பதே உள்ளூர்க் கடையின் பெரிய லாபம். அதற்கும் சரிப்படாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே வழக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அங்கே செல்லுபடியாவது பில்தான், எலுமிச்சம்பழமல்ல.

கடைசியாக ஒன்று. இவ்வளவு பாடுபட்டு வாங்கிய யந்திரத்தில் ஜாதகம் கணித்துப் பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம் என்று சொல்லுகிற வெட்கக்கேடும் நடக்கிறது. பொய்யைக் கம்ப்யூட்டரில் போட்டால் வேகமாக வரும் பொய்தான் கிடைக்கும். கேள்வி கேட்கக் கூடாது என்று எவன் சொன்னாலும், அவன் பூணூல் போட்டவனாயினும் கல்லாவில் உட்கார்ந்தவனாயினும், அவனிடத்தில் முதலில் கேட்க வேண்டியது “ஏன்?” என்பதே.