ஊருக்கு ஒரு யு.பி.எஸ். – எந்த பேட்டரி நல்லது?

கம்ப்யூட்டருடன் யு.பி.எஸ். ஒன்றும் வாங்கியிருப்பீர்கள். கரண்ட் போனதும் 'பீப்' என்று கத்தி, ஃபைலை சேவ் செய்ய அவகாசம் தருவது அதனுள் இருக்கும் பேட்டரிதான். இதே வேலையை ஓர் ஊருக்கே செய்ய வேண்டுமானால்? சோலார் மின்சாரத்தைப் பகலில் சேமித்து இரவில் தருவதற்காக, பல நாடுகளில் மின் நிறுவனங்கள் பிரம்மாண்டமான பேட்டரிகளை நிறுவி வருகின்றன.

இவற்றில் பெரும்பாலானவை உங்கள் செல்போனில் உள்ள அதே லித்தியம் அயன் வகை. இங்குதான் எனக்கு உடன்பாடு இல்லை. செல்போனைத் தூக்கிச் செல்கிறோம். எடை குறைய வேண்டும். ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் பேட்டரிக்கு எடை ஒரு பொருட்டா? அங்கே தீப்பிடிக்காமல் இருப்பதுதான் முக்கியம். 2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் இத்தகைய நிலையம் ஒன்று தீப்பற்றி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். லித்தியத்திலேயே பாதுகாப்பு கூடிய வகைகள் உண்டு என்பார்கள். உண்மைதான். ஆனால் அவற்றின் உள்ளே இருப்பதும் எரியக்கூடிய திரவமே.

இதற்கு மாற்று துத்தநாகம், அதாவது ஜிங்க். 1800ல் வோல்டா அறிவித்த முதல் பேட்டரியிலேயே இது இருந்தது. சாதாரண டார்ச் லைட் செல்லிலும் இருக்கிறது. துத்தநாக உப்பைத் தண்ணீரில் கரைத்தால் போதும். அந்தத் திரவம் எரியாது.

பின் ஏன் இது பரவவில்லை? சார்ஜ் செய்யும்போது துத்தநாகம் சமமாகப் படியாமல் ஊசி ஊசியாக வளர்கிறது. அது நடுத் தடுப்பைத் துளைத்தால் ஷார்ட் சர்க்யூட். தண்ணீரும் சிறிது பிரிந்து ஹைட்ரஜன் வாயுவாகிறது. இதனால் ஆயுள் குறைகிறது. இவற்றைச் சமாளிக்கும் வழிகள் வந்துள்ளன. அமெரிக்காவின் இயோஸ் நிறுவனம் துத்தநாக பேட்டரிகளை விற்பனையே செய்கிறது. ஆனால் லித்தியம் விலை சரிந்துகொண்டே வந்ததால் போட்டி கடுமை. இதே துறையில் இருந்த ஆஸ்திரேலியாவின் ரெட்ஃப்ளோ 2024ல் நொடித்துப் போனது.

விலை ஒன்றையே பார்த்து டெண்டர் முடிவு செய்தால் துத்தநாகம் என்றும் ஜெயிக்காது. வீடுகளுக்கு அருகே அமையும் நிலையங்களுக்காவது, தீப்பிடிக்காத தன்மைக்கும் மதிப்பெண் தர வேண்டும். அணைக்க முடியாத தீயின் செலவு எந்த விலைப் பட்டியலிலும் இருப்பதில்லை.