மாவட்டத்துக்குப் பேர் வைப்பது

எழுமலையில் பஸ்ஸுக்கு நிற்கிற ஒருவரிடம் "எங்கே கிளம்பிட்டீங்க?" என்று கேட்டால் "மதுரைக்கு" என்பார். அவர் நிற்கிற இடமும் மதுரைதான், அதாவது மதுரை மாவட்டம், பேரையூர் வட்டம். ஆனால் அவர் வாயில் மதுரை என்றால் அது நகரம் மட்டுமே. 'மதுரை மாவட்டம்' என்பது ரேஷன் கார்டிலும் கல்லூரி விண்ணப்பத்திலும் எழுதுவதற்கு. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. எழுமலை இருப்பது உசிலம்பட்டி சட்டமன்றத் தொகுதியில். அது தேனி நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருகிறது. ஆக கலெக்டர் மதுரைக்காரர், எம்.பி. தேனிக்காரர்!

முதலில் அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்? மதுரம் என்றால் இனிமை, சிவபெருமானின் சடையிலிருந்து அமுதம் சிந்தியதால் மதுரை என்பது கோயில் சொல்லும் கதை. அழகர்மலையில் உள்ள பழைய தமிழ் பிராமிக் கல்வெட்டில் 'மதிரை' என்று இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் 'மதுரா' என்று எழுதினார்கள். மதுரைக் கல்லூரியின் ஆங்கிலப் பெயரில் இன்றும் அந்த 'மதுரா'தான். ஆக எழுத்து பலமுறை மாறியிருக்கிறது, ஊர் மாறவில்லை.

ஊர்ப் பெயரையே மாவட்டத்துக்கும் வைப்பதில் ஒரு குறை உண்டு. தலைநகரம் பெயரைச் சாப்பிட்டுவிடும், மற்ற ஊர்கள் பின்னால் போய்விடும். ஒரு காலத்தில் கொடைக்கானல், பழனி, போடி, கம்பம் எல்லாமே மதுரை மாவட்டம்தான். 1985-ல் திண்டுக்கல்லும், 1997 தொடக்கத்தில் தேனியும் பிரிந்து போயின. அதனால் ஊர்ப் பெயர் வேண்டாம், பொதுவான தலைவர் பெயர் வைக்கலாம் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

தமிழ்நாடு அதையும் செய்து பார்த்தது. ஈரோடு 1979-ல் பெரியார் மாவட்டம் ஆனது. விருதுநகருக்குக் காமராசர், சிவகங்கைக்குப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர், திண்டுக்கல்லுக்கு அண்ணா, நெல்லைக்குக் கட்டபொம்மன் என்று வரிசையாகப் பெயர்கள் வந்தன. அரசு பஸ்களுக்கும் அப்படியே. மதுரையில் ஓடியது பாண்டியன் போக்குவரத்துக் கழகம், நெல்லையில் கட்டபொம்மன்.

1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு அறிவித்தது. சுந்தரலிங்கம் யார்? கட்டபொம்மனின் தளபதி. ஆனால் அவர் தலித் சமூகத்தில் பிறந்தவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் எதிர்த்தார்கள். தென்மாவட்டங்களில் கலவரம் வெடித்தது, உயிர்கள் போயின. கடைசியில் அரசு எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டது. கட்டபொம்மன் பெயரில் பஸ் ஓடலாம், அவரோடு சேர்ந்து சண்டை போட்டவர் பெயரில் ஓடக்கூடாது! இதுதான் அந்த வருடம் நடந்தது.

அதே 1997-ல் இங்கிலாந்தில் வேறொன்று நடந்தது. ரட்லண்ட் அங்கே மிகச் சிறிய கவுண்டி, அதாவது நம் மாவட்டம் மாதிரி. 'ரோட்டா என்பவரின் நிலம்' என்பது அந்தப் பெயருக்கு அறிஞர்கள் சொல்லும் பொருள். 1974-ல் அதை லெஸ்டர்ஷயரோடு சேர்த்துவிட்டார்கள். அந்த ஊர்க்காரர்கள் பெயரை விடவில்லை. 23 வருடம் கழித்து ரட்லண்ட் மறுபடியும் தனி நிர்வாகமாக வந்தது. அங்கே ஒரு பெயரை மக்கள் மீட்டார்கள். இங்கே ஒரு பெயரைத் தாங்க முடியாமல் எல்லாப் பெயர்களும் போயின.

தலைவர் பெயர் மக்கள் வாயில் நிற்காது என்று சிலர் சொல்வதும் முழு உண்மை இல்லை. மாட்டுத்தாவணிக்கு எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம் என்று பெயர், ஆனால் கண்டக்டர் கூவுவது "மாட்டுத்தாவணி"தான். பெரியார் பேருந்து நிலையத்தையோ எல்லோரும் "பெரியார்" என்றே சொல்கிறார்கள். எது நிற்கும், எது நிற்காது என்பதை அரசாணை தீர்மானிப்பதில்லை, நாக்குதான் தீர்மானிக்கிறது.

2019-லும் 2020-லும் வந்த தென்காசி, கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை போன்ற புதிய மாவட்டங்கள் எல்லாம் ஊர்ப் பெயரிலேயே வந்தன. அது நல்லதுதான். மாவட்டப் பெயர் என்பது முகவரி. தபால்காரருக்கும் பஸ்ஸில் ஏறுகிறவருக்கும் புரிந்தால் போதும். 2022-ல் ஆந்திராவின் கோனசீமா மாவட்டத்துக்கு அம்பேத்கர் பெயரைச் சேர்த்தபோது அமலாபுரத்தில் வீடுகள் எரிந்ததைப் பார்த்தால், ஊர்ப் பெயரே பாதுகாப்பானது என்றுதான் தோன்றும்.

ஆனால் பாதுகாப்பு வேறு, நியாயம் வேறு. பலகையிலிருந்து பெயரை அழித்ததால் சாதி அழிந்துவிட்டது என்று யாரும் பெருமைப்பட வேண்டாம். 1997-ல் மாறியது பஸ்ஸின் பெயர் மட்டுமே. பஸ்ஸில் ஏற மறுத்தவர்களின் மனசு மாறியதா என்பதுதான் இன்னும் பதில் வராத கேள்வி. அது மாறுகிற அன்று எந்தப் பெயர் வைத்தாலும் பஸ் ஓடும், எழுமலைக்காரர் எப்போதும் போல "மதுரைக்கு ஒண்ணு" என்று டிக்கெட் வாங்கிக்கொண்டு போவார்.