களம் மாறினால் கேள்வியும் மாறும்



நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்கிறார்கள். “கதவுக்கு அப்பால் அழுகுரல் கேட்கிறது. என்ன செய்வீர்கள்?” என்று நடத்துபவர் கேட்கிறார். முடிவெடுப்பது அவர்கள் பொறுப்பு. பலன் நிச்சயமில்லாத இடத்தில் பகடை உருள்கிறது. கதாபாத்திர விளையாட்டு என்பது சுருக்கமாக இவ்வளவுதான்.

1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகையில் முதலாவதாக விற்பனைக்கு வந்தது. மந்திரவாதிகளும் அரக்கர்களும் நிறைந்த அவ்விளையாட்டு, 1980களில் அந்நாட்டுத் திருச்சபைகள் பலவற்றில் பேரச்சத்தை எழுப்பிற்று. இது பிள்ளைகளைப் பில்லிசூனியத்திற்கு இழுத்துச் செல்லும் என்று எச்சரித்து 1984இல் ஜாக் சிக் ஒரு சித்திரத் துண்டுப்பிரசுரம் வெளியிட்டார். அதே ஆண்டில், வேத வசனங்களை மனனம் செய்து ஒப்புவிப்பதையே விதியாகக் கொண்ட ‘டிராகன்ரெய்டு’ என்னும் கிறிஸ்தவ விளையாட்டும் வெளிவந்தது. ஒன்று விலக்கியது, மற்றொன்று மாற்றுத் தந்தது. இரண்டுமே கதையில் என்ன இருக்கிறது என்பதைத்தான் முதன்மையாகப் பார்த்தன. கதையை நடத்துபவர் தம் மேசையில் இருப்பவர்களை எப்படி நடத்துகிறார் என்பதையே நாம் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஏனெனில் கதைக்களம் வெறும் ஆடையன்று. ஒவ்வொரு களமும் மனிதனிடம் வெவ்வேறு கேள்வியைக் கேட்கிறது. மார்க் மில்லர் 1977இல் எழுதிய ‘டிராவலர்’ விண்வெளியில் நிகழ்வது. அங்கே கப்பலைக் கடனில் வாங்குவோர் நாற்பது ஆண்டுகள், அதாவது 480 மாதத் தவணைகள் கட்ட வேண்டும். தவணை நாள் நெருங்குகையில், நேர்மையற்ற சரக்கு ஒன்று நல்ல கூலியோடு வருகிறது. ஏற்பதா, மறுப்பதா? விண்மீன்களுக்கிடையிலும் மனிதனைச் சோதிப்பது பழைய கடன்தான்.

சாண்டி பீட்டர்சன் எழுதி 1981இல் வெளிவந்த ‘கால் ஆஃப் கதுலு’ திகில் வகையைச் சேர்ந்தது. அதில் வருவோர் மாவீரர்கள் அல்லர். பேராசிரியர், பத்திரிகையாளர் போன்ற சாதாரண மக்கள். மறைந்திருக்கும் கொடியவற்றைப் பற்றிய அறிவு ஏற ஏற, அவர்களுடைய மனத்தெளிவின் உச்சவரம்பு இறங்கிக்கொண்டே வரும். வெல்ல இயலாத தீமையின் முன் துணிவு என்றால் என்ன என்று அது கேட்கிறது.

ஆர்தர் அரசனின் வீரர்களைப் பற்றி கிரெக் ஸ்டாஃபோர்ட் 1985இல் அமைத்த ‘பெண்டிராகன்’ இன்னும் ஆழமாகச் செல்கிறது. இரக்கமும் கொடூரமும், நேர்மையும் வஞ்சகமும் எனப் பதின்மூன்று இணைக் குணங்கள் அதில் உண்டு. ஒவ்வோர் இணையின் கூட்டுத்தொகையும் 20. ஒன்று வளர்ந்தால் மற்றது தேயும். நெருக்கடி வேளையில் பகடை அக்குணத்தின்மேல் உருளும். ஆடுபவர் விரும்பாவிடினும், வளர்த்துக்கொண்ட குணமே பாத்திரத்தின் கையைப் பிடித்து இழுக்கலாம். பழக்கம் மனிதனை ஆளுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகப் பிரசங்கத்தில் விளக்குவது கடினம்.

ஆகவே எல்லாக் களங்களையும் ஒரே விதமாக நடத்த முடியாது. விண்வெளிக் கதையில் கணக்கேட்டின் பாரம் உணரப்பட வேண்டும். வீரர் கதையில் ஆண்டுகள் கடந்து, தந்தையின் செயலுக்கு மகன் விலை கொடுப்பது தெரிய வேண்டும். திகில் கதையிலோ சொல்லில் அடக்கமும் பிறர்மேல் கரிசனையும் வேண்டும். அதற்காகவே சில குழுவினர் மேசை நடுவே ‘எக்ஸ்’ என்று எழுதிய அட்டை ஒன்றை வைக்கிறார்கள். ஒருவர் அதைத் தொட்டால், காரணம் கேளாமல் அக்காட்சி விலக்கப்படும். பலவீனரை முன்னிட்டுத் தன் உரிமையை விட்டுக்கொடுப்பது நமக்குப் புதிய போதனையன்று.

ஆயினும் எல்லாக் களங்களுக்கும் பொதுவான அபாயம் ஒன்றுண்டு. முடிவை முன்னமே எழுதி வைத்துக்கொண்டு, எவர் எதைத் தெரிந்தெடுத்தாலும் அங்கேயே கொண்டு சேர்ப்பது அது. ஆடுவோர் இதைத் தண்டவாளத்தில் ஓட்டுவதாகச் சொல்லிக் குறைகூறுவர். வாலிபர் கூட்டங்களை நடத்தும் நமக்கு இந்தச் சோதனை அதிகம். சரியான விடை நம்மிடம் இருப்பதால், அதை அவர்கள் வாயில் வைத்துவிட அவசரப்படுகிறோம்.

தீர்க்கதரிசியான நாத்தான் அப்படிச் செய்யவில்லை. ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டுத் தாவீது தன் வாயாலே தீர்ப்புச் சொல்லும்வரை பொறுத்திருந்தான் (2 சாமுவேல் 12). நல்ல சமாரியன் உவமையின் முடிவில், பிறன் யார் என்ற தீர்மானத்தை ஆண்டவர் நியாயசாஸ்திரியிடமே விட்டார் (லூக்கா 10). கேட்டவன் தானே சொன்ன பதிலிலிருந்து தப்ப முடியாது. அதுவே அவ்விரு கதைகளின் வலிமை.

பெற்றோரே, உங்கள் பிள்ளை இத்தகைய மேசைக்கு அழைக்கப்பட்டால், அட்டைப்படத்தைப் பார்த்துத் தீர்ப்பிடாதீர்கள். நடத்துபவர் யார், அங்கே கூச்சமுள்ளவனின் குரலும் கேட்கப்படுகிறதா, தவறான தெரிவுக்குக் கதையில் விளைவு உண்டா என்று விசாரியுங்கள். கூடுமானால் ஒரு மாலை அங்கே அமர்ந்து பாருங்கள். கொடுமையைக் கொண்டாடும் மேசையானால் தடுக்க உங்களுக்கு உரிமையுண்டு. வாலிபரை நடத்துவோரே, களத்தைத் தெரிந்தெடுக்குமுன் அது கேட்கும் கேள்வியை அறிந்துகொள்ளுங்கள். கேட்டபின் மௌனமாயிருக்கப் பழகுங்கள்.

பொறுமையோடு செவிகொடுக்கும் கிருபையைக் கர்த்தர் நம் அனைவருக்கும் அருளுவாராக.