தாழ்வு மனப்பான்மை யாருக்கு?

பேச்சிப்பாறையில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் ஓர் அம்மா கேட்டார்: “பிள்ளைக்குத் தாழ்வு மனப்பான்மைன்னு ஸ்கூல்ல சொல்லுதாவ. அது என்ன சூக்கேடு மக்களே?” சமூகவியலில் முதுகலை முடித்த எனக்கே சட்டென்று பதில் வரவில்லை. பிறகுதான் உளவியலின் முதலாண்டுப் பாடத்தைப் புரட்டினேன்.

ஆல்ஃபிரட் அட்லர் பரப்பிய சொல் அது. நம் பிள்ளைகள் முதுகில் ஒட்ட வசதியானது. குறை பிள்ளைக்குள் இருப்பதாக ஆகிவிடும். ஆனால் தோழர்களே, உளவியலில் இன்னொரு சொல்லும் இருக்கிறது: முத்திரை அச்சுறுத்தல். நம் கூட்டத்தைப் பற்றி ஊர் வைத்திருக்கும் மட்டமான எண்ணம் நினைவில் தட்டினாலே தெரிந்ததும் தடுமாறும். கிளாட் ஸ்டீலும் ஜோஷுவா ஆரன்சனும் அமெரிக்கக் கறுப்பின மாணவர்களிடம் செய்த ஆய்வு 1995இல் வந்தது.

இங்கேயும் நடந்திருக்கிறது. உத்தரப் பிரதேசக் கிராமச் சிறுவர்களுக்கு கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். முடிவு 2006இல் வெளியானது. சாதியைச் சொல்லாதபோது தலித் சிறுவர்கள் மற்றவர்களுக்கு இணையாகப் போட்டார்கள். எல்லோர் முன்பும் சாதியைச் சொன்னபோது பின்தங்கினார்கள்.

இந்தச் சொல் தெரிந்த பிறகு அந்த அம்மாவிடம் வேறு கேள்வி கேட்டேன்: “உதவித்தொகைப் பட்டியலுக்கு வகுப்பில் சாதி சொல்லி எழுப்பி நிறுத்துகிறார்களா?”

“ஆமா, போன வாரங்கூட.”

மனு எழுத உட்கார்ந்தோம்.