சயனைடு மேடும் ஈஸ்டின் மூச்சும்

ஆண்டர்சன்பேட்டையிலிருந்து மூதாட்டியார் ஒருவர் தம் பேத்தியின் கையால் எழுதுவித்த கடிதமொன்று சென்ற திங்கள் நமக்குக் கிடைத்தது. தம் மூத்த மகளைத் தம் உடன்பிறந்த தம்பிக்கே மணம் முடித்துக் கொடுத்தவர் அவர். அம்மகளுக்குப் பிறந்த ஆண்குழந்தை ஏழெட்டு மாதம் வரையில் சிரித்து விளையாடியது. பின்னர்த் தலை நிற்காமலும், பால் விழுங்க மாட்டாமலும், மூச்சுத் திணறியும் இரண்டு வயது நிறையுமுன் மறைந்தது. பெங்களூர் மருத்துவர்கள் நோயின் பெயர் 'லீ நோய்' என்றும், உயிரணுக்களின் மூச்சுக்கு வேண்டிய புரதம் ஒன்று சரிவர அமையாமையே காரணம் என்றும் கூறினராம். சயனைடு நஞ்சு தாக்குவதும் அதே புரதத்தைத்தான் என்று பேச்சோடு பேச்சாக ஒருவர் சொல்லிவிட்டார். அம்மையாரின் நெஞ்சில் தைத்தது இந்தச் சொல்தான். "வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மேட்டுத் தூசு குழந்தையைக் கொன்றதா, நான் செய்துவைத்த சம்பந்தம் கொன்றதா?" என்று கேட்கிறார்.

இவ்வினாவுக்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் விடை கூறுதல் தகாது. சற்றுப் பொறுமையோடு படிக்குமாறு வேண்டுகிறோம்.

தங்கவயலில் பிறந்தார்க்குச் சயனைடு மேடுகளைப் பற்றி நாம் சொல்ல வேண்டுவதில்லை. வெளியூர்களில் வளரும் நம் பிள்ளைகளுக்காகச் சில சொற்கள் மட்டும். 1880-இல் ஜான் டெய்லர் குழுமத்தார் இங்கே தொழில் தொடங்கினர். 1887-இல் கிளாஸ்கோ நகரில் மக்ஆர்தர் என்பவரும் ஃபாரஸ்ட் உடன்பிறந்தார் இருவரும் பொன்னைச் சயனைடு நீரில் கரைத்தெடுக்கும் முறையைக் கண்டனர். மில்லில் பொடியாக்கிய கல்லை நீர்த்த சயனைடு கரைசலில் இட்டால் பொன் கரைந்து வரும். அக்கரைசலில் துத்தநாகம் இட்டால் பொன் படியும். எஞ்சிய மணலே குன்றுகளாயிற்று. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டபோது, 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட அம்மணல் நம் தலைமாட்டிலேயே நின்றுவிட்டது.

இனி, அந்தப் புரதத்துக்கு வருவோம். அதனை மனிதனுக்குக் காட்டிக் கொடுத்தது, ரொட்டிக் கடையில் மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட். 1925-இல் கேம்பிரிட்ஜில் டேவிட் கெய்லின் என்ற அறிஞர், ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் கருவியில் ஈஸ்ட் கலந்த நீரை வைத்துப் பார்த்தார். நான்கு கரும்பட்டைகள் தெரிந்தன. குழாயைக் குலுக்கிக் காற்றைக் கலந்தவுடன் அவை மறைந்தன. சற்றுச் சும்மா விட்டால் மீண்டும் தோன்றின. ஈஸ்ட் மூச்சு விடுவதைக் கண்ணாற் கண்டவர் அவர் எனலாம். பிறகு சிறிது சயனைடு சேர்த்துக் குலுக்கினார். எவ்வளவு குலுக்கியும் பட்டைகள் மறையவில்லை. காற்று இருந்தும் அதனைப் பயன்கொள்ள ஈஸ்டினால் இயலவில்லை. இந்நிறப்பொருள்களுக்குக் கெய்லின் இட்ட பெயர் சைட்டோகுரோம் என்பது. மக்மன் என்ற மருத்துவர் இப்பட்டைகளை 1880-களிலேயே கண்டு எழுதியிருந்தார். பெரிய பேராசிரியர் ஒருவர் மறுத்துரைக்கவே அக்கண்டுபிடிப்பு நாற்பதாண்டுக் காலம் உறங்கிற்று. பெரியோர் மறுப்பும் சிற்சில சமயம் இப்படிக் கேடு விளைப்பதுண்டு!

அதே காலத்தில் ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க் ஈஸ்டின்மீது கார்பன் மோனாக்சைடு வாயுவைச் செலுத்தினார். சுரங்கத்தில் வெடி வைத்தபின் எழும் புகையிலும் உள்ள வாயு இது. நம் தந்தையர் அதற்கு அஞ்சியே காத்திருந்து உள்ளே இறங்கினர். ஈஸ்டின் மூச்சு ஒடுங்கிற்று. வலிய ஒளியைப் பாய்ச்சியதும் மீண்டது. இவ்வாய்வின் வழியே மூச்சு நொதியின் தன்மையை அறிந்த வார்பர்க், 1931-இல் நோபல் பரிசு பெற்றார்.

அந்நொதியே சைட்டோகுரோம் ஆக்சிடேஸ். உயிரணுவின் உள்ளே மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய அறைகள் உள்ளன. அவற்றின் உட்சுவரில் இது பதிந்திருக்கிறது. நாம் உண்ட உணவிலிருந்து பிரியும் எலெக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறி இறுதியில் இதனிடம் வந்து சேர்கின்றன. இரும்பும் செம்பும் அமைந்த இதன் நடுவிடத்தில் பிராணவாயு வந்து அமர்ந்து, நான்கு எலெக்ட்ரான்களைப் பெற்று நீராகிறது. அப்போது கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு இந்நொதி புரோட்டான்களைச் சுவருக்கு அப்பால் இறைக்கிறது. (நம் சுரங்கத்தின் ஆழத்தில் 1980-களில் விஞ்ஞானிகள் எதன் அழிவைக் காணக் காத்திருந்தனரோ அதே புரோட்டான்தான்.) இறைத்தவை திரும்பிப் பாயும் விசையால் உயிரணுவின் செலாவணியாகிய ஏ.டி.பி. உண்டாகிறது. சயனைடு செய்வது இவ்வளவே: பிராணவாயு அமர வேண்டிய இடத்தில் தான் அமர்ந்துகொள்கிறது. நுரையீரலில் காற்று இருக்கும். குருதியிலும் பிராணவாயு நிறைந்திருக்கும். உயிரணு மட்டும் மூச்சின்றித் தவிக்கும்.

சயனைடு பட்ட ஈஸ்ட் உடனே சாவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சர்க்கரை இருக்குமாயின் அதனைப் புளிக்கவைத்துச் சாராயமாக்கி, அதில் கிடைக்கும் சிறு ஆற்றலைக் கொண்டு பிழைத்துக்கொள்ளும். சர்க்கரைத் துகள் ஒன்றுக்கு இரண்டே ஏ.டி.பி.; மூச்சு விட்டால் ஏறத்தாழ முப்பது கிடைக்கும். ஏழைப் பிழைப்பாயினும் பிழைப்பே. மனித மூளைக்கு இந்த வசதி இல்லை. இப்பண்பினால்தான், மனிதனிடத்தில் ஆராய முடியாத பழுதுகளை ஈஸ்டில் ஆராய முடிகிறது. மூச்சு நொதியே இல்லாத ஈஸ்டும் உயிரோடு இருந்து விடை சொல்லும். அத்தகைய குறு ஈஸ்ட் கூட்டங்களைப் பிரான்சில் எஃப்ருசி 1949-இல் விவரித்தார்.

பின்னர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சாகலாஃப் என்பார், மூச்சுக் கெட்ட ஈஸ்ட் வகைகளை நூற்றுக்கணக்கில் சேர்த்து, ஒவ்வொன்றிலும் எந்த மரபணு பழுது என்று தேடினார். நொதியின் உறுப்புகள் யாவும் செவ்வையாக இருந்தும் நொதி உருவாகாத வகைகள் பல தென்பட்டன. வீடு எழும்போது சாரம் கட்டுவது போல, நொதியைக் கோத்துத் தருவதற்கென்றே தனிப் புரதங்கள் உள்ளன என்பது இவ்வாறு விளங்கிற்று. செம்பைக் கொண்டுவர ஒன்று, உறுப்புகளைச் சேர்க்க ஒன்று எனப் பல. அவற்றுள் ஷை1 என்பதை 1997-இல் கண்டனர். அது இல்லாத ஈஸ்ட், சர்க்கரையில் வளரும். மூச்சு விட்டே பிழைக்க வேண்டிய கிளிசரின் உணவில் வளராது. மறு ஆண்டே, 1998-இல், லீ நோயுற்ற குழந்தைகள் பலரிடம் இதே புரதத்தின் மனித வடிவமாகிய சர்ஃப்1 பழுதுபட்டிருப்பதை இரு ஆய்வுக் குழுவினர் கண்டறிந்தனர். 1951-இல் டெனிஸ் லீ என்ற மருத்துவர் விவரித்த நோய்க்கு, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகு, ஒரு பெருங்காரணம் வெளிப்பட்டது. லீ நோய்க்கு வேறு பல மரபணுக்களும் காரணமாகலாம். மூதாட்டியார் அனுப்பிய மருத்துவமனைத் தாளில் காண்பது சர்ஃப்1.

ஆதலால், அம்மையே, தூசு இக்குழந்தையைக் கொல்லவில்லை. சயனைடு அமைந்து முடிந்த நொதியைப் பூட்டுகிறது. இந்நோயிலோ நொதி அமையவே இல்லை. இரண்டும் ஒரே இடத்தைத் தாக்குவதால் காரணமும் ஒன்றாகிவிடாது. மேலும், பழைய மேடுகளிலுள்ள சயனைடு வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் சிதையும். இதனால் மேட்டுத் தூசு தீங்கற்றது என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ளவேண்டா. அதிலுள்ள நுண்ணிய கல் துகள் நுரையீரலுக்குப் பகை. காற்றுக் காலத்தில் அடுக்களையில் படியும் அப்பொடியைப் பற்றி நாம் முறையிடுவது நியாயமே. ஆனால் அவ்வழக்கு வேறு, இவ்வழக்கு வேறு.

சம்பந்தத்தைப் பற்றி மழுப்பாமல் சொல்கிறோம். ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரு பிரதிகளாக உள்ளது. ஒன்று பழுதானாலும் மற்றொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆளுக்கு ஒரு குறையும் தெரியாது. உங்கள் பெற்றோருள் ஒருவரிடமிருந்த பழுதுப் பிரதி தம்பிக்கும் வந்து, உங்கள் வழியே மகளுக்கும் வந்திருக்க வேண்டும். இருவரும் கூடியபோது, ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு அபாயம் நேர்ந்தது. சொந்தத்தில் மணந்ததால் இது நேரும் வாய்ப்பு மிகுந்தது என்பது உண்மை. நீங்கள் அறிந்து செய்யாதீர் என்பதும் உண்மை. அந்நியத்தில் மணந்தோர்க்கும் இந்நோய் வருவதுண்டு. இதில் மகள்மீது பழி சுமத்தும் உறவினர்க்கும் ஒன்று சொல்வோம்: மைட்டோகாண்ட்ரியாவின் சில மரபணுக்கள் தாய் வழியாகவே வருமாயினும், சர்ஃப்1 அவ்வகையன்று. தந்தையின் பிரதியும் பழுதாயிருந்தாலன்றிக் குழந்தைக்கு நோய் வாராது.

இளைய மகளுக்கும் சொந்தத்திலேயே பேசி வைத்திருப்பதாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். நிச்சயம் செய்வதற்கு முன், மறைந்த குழந்தையின் மரபணுச் சோதனைத் தாளை எடுத்துக்கொண்டு, மாரிக்குப்பம் ரயிலில் ஒரு நாள் பெங்களூருக்குச் சென்று வாருங்கள். நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் கேட்டால் மரபியல் ஆலோசனைக்கு வழி காட்டுவர். பழுது எந்த எழுத்தில் என்பது முன்பே தெரிந்திருப்பதால், பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் அது உண்டா என்று சிறிது குருதியைக் கொண்டே சோதித்துவிடலாம். மூத்த மகள் மீண்டும் கருவுறுவாராயின் முதல் மாதங்களிலேயே கருவையும் சோதிக்க முடியும். அதற்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அந்தத் தாளை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.